மணலில் குழி மட்டும் விழுந்த மழை

கம்பங்கதிர்கள் குதிருக்குள் போய்ச் சேர்ந்து, குதிரின் வாயைப் புல்தொப்பி மூடிய பிறகு, கிடன் காவோ ஊருக்கு மிஞ்சியிருக்கும் பெரிய வேலை இளைஞர்களை வழியனுப்புவதுதான். வயல் உறங்கும் மாதங்களில் ஒரு வாய் ஊருக்கு வெளியே இருந்தால், குதிரில் உள்ளது மற்ற வாய்களுக்கு அடுத்த மழைவரை தாங்கும். ஆகவே அவர்கள் தெற்கே, கடலோர நகரங்களுக்குச் சென்று சுமை தூக்குவார்கள், செருப்புத் தைப்பார்கள், தேநீர் விற்பார்கள். அதற்குக் 'கோடையைத் தின்னப் போவது' என்று பெயர். முதல் மழை விழுந்ததும் திரும்பிவிடுவார்கள். மழைக்கு முன்னால் திரும்பும் வழக்கம் மட்டும் இல்லை.

பரீராவின் மூத்த மகன் லவாலியும் அன்று காலை புறப்பட்டுக்கொண்டிருந்தான். புளியமரத்தடியில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஊரே அங்கே கூடியிருந்தது. பரீரா மட்டும் வீட்டில், குதிருக்குப் பின்னால் நின்றுகொண்டு, நன்றாகவே கட்டப்பட்டிருந்த வேலிக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார்.

அவன் அவருக்குத் தலைச்சன் பிள்ளை. தலைச்சனைப் பெற்றவள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பிறர் முன்னிலையில் கொஞ்சுவதில்லை; முகம் பார்த்து நேராகப் பேசுவதும் இல்லை. தகப்பனும் அவ்வாறே. முதற்பிள்ளையின் மேல் உள்ள ஆசையை வெளியே காட்டுவது, இடுப்புத் துணி நெகிழ்ந்ததை அறியாமல் சந்தைக்குள் நடப்பதற்கு ஒப்பான வெட்கம். லவாலி தவழும் வயதில் அழுதபோதெல்லாம் தூக்கிக்கொண்டவர் அவனுடைய அத்தை கண்டேதான். பின்னால் பிறந்த இரு பெண்களையும் பரீரா வாய் நிறையப் பெயர் சொல்லி அழைத்தார். வாய் நிறையத் திட்டவும் செய்தார். கட்டிக்கொடுத்துப் போகும்வரை அந்தப் பெண்கள் அவருடைய குரலில் நனைந்தே வளர்ந்தார்கள். தலைச்சனைத் திட்டும் பாக்கியம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

கண்டே மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவர் பரீராவின் கணவர் தனிமுவின் தங்கை. கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டவர். ஊரின் பாதிச் சிரிப்புக்கும் முக்கால் சண்டைக்கும் காரணமானவர்.

"அண்ணி, அந்தக் கயிறு என்ன பாவம் பண்ணுச்சு? விட்டுடுங்க, பொழைச்சுப் போகட்டும்."

பரீரா வேலி ஓரத்தில் வைத்திருந்த துணிமூட்டையைக் கண்ணால் காட்டினார். நிலக்கடலைப் பிண்ணாக்கை உருட்டிப் பொரித்ததும், இடித்துக் காயவைத்த கம்பு உருண்டைகளும் அதில் இருந்தன.

"இத யாரு குடுத்தான்னு கேட்டா என்ன சொல்ல?"

"ஆடு குடுத்துச்சுன்னு சொல்லு."

"சரிதான். நம்ம வீட்டு ஆடு நல்லாத்தான் பொரிக்குது!"

கண்டே மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார். வேலி இடுக்கின் வழியே பரீராவுக்கு லாரியின் மேற்பகுதி தெரிந்தது. மூட்டைகளின் உச்சியில் லவாலி அமர்ந்திருந்தான். நீண்ட கால்கள் அவனுக்கு. எங்கே மடக்குவதென்று தெரியாமல் வெளியே தொங்கவிட்டிருந்தான். விதைப்பின்போது அந்தக் கால்களால் தனிமுவுக்கு ஆண்டுதோறும் மனக்குறை. முன்னால் போய்க் கொத்தால் குழி போடுகிறவன் அடிவைக்கும் தூரம்தான் குழிகளுக்கு இடையிலுள்ள தூரம். "ஒட்டகம் குழி போட்டா இப்படித்தான்! ரெண்டு குழிக்கு நடுவுல ஒரு குடும்பமே குடியிருக்கலாம்" என்று அவர் மண்ணைப் பார்த்துச் சொல்வார். அவனிடம் சொல்ல முடியாதல்லவா?

லாரி நகர்ந்தபோது கண்டேயின் குரல் ஊர்முழுக்கக் கேட்டது.

"டேய் லவாலி! மழையோட வந்து சேரு! முன்னாடி வந்தியோ, உன்மேலயும் ஒரு பாட்டுக் கட்டிடுவேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். போன கோடையில், இடுப்பு பிடித்துக்கொண்டதென்று மழைக்கு முன்பே திரும்பிவிட்ட சஹாபி என்பவர்மேல் கண்டே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். 'கோடையைத் தின்னப் போனாராம், கொட்டைன்னு கோடை துப்புச்சாம்' என்று பிள்ளைகள் சுரைக்குடுவையைத் தட்டிக்கொண்டு அவர் பின்னால் பாடித் திரிந்தார்கள். அந்த மனிதர் இன்னும் சந்தைக்குப் போவதில்லை.

"மழைய முதுகுல ஏத்திக்கிட்டே வர்றேன் அத்தை!" என்று லவாலி கத்தினான். பரீரா கயிற்றின் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.

பிறகு வடகிழக்குக் காற்று வந்தது. பாலைவனத்தின் பொடியைச் சல்லடையில் சலித்து ஊரின்மேல் தூவியதுபோல், பகலெல்லாம் வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சூரியன் கழுவி வைத்த தட்டுப்போல் ஒளியின்றித் தொங்கியது. அதைக் கண் கூசாமல் பார்க்கலாம். உதடு வெடித்தது, குதிகால் வெடித்தது, சுரைக்குடுவைகூட ஒரு காலையில் தானாகவே வெடித்தது. விடியலில் ஆட்டுக்குட்டிகள் அடுப்புச் சாம்பலுக்குள் ஒண்டிக்கொண்டு தூங்கின. காவோ மரங்கள் மட்டும் தழைத்தன. ஊர் காயும்போது துளிர்த்து, ஊர் நனையும்போது இலை உதிர்க்கும் மரம் அது. மழையோடு அதற்கு ஏதோ தீராத பிணக்கு.

லவாலி லோமே நகரத்தின் துறைமுகச் சந்தையில் சுமை தூக்கினான். வாரச்சந்தை நாளில் அவன் கண்டேயின் கைபேசிக்கு அழைப்பான். கண்டே அதன் குரலை உரக்கக் கேட்கும்படி வைத்து, உரலுக்குப் பக்கத்தில் கவிழ்த்த கூடையின்மேல் வைத்துவிடுவார். பரீரா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பு குத்துவார்.

"அத்தை, அங்க பனிக்காத்து வந்திருச்சா?"

"அண்ணி, பனிக்காத்து வந்திருச்சான்னு இந்தக் கூடை கேக்குது."

"வந்திருச்சுன்னு சொல்லு. இந்த வருஷம் புழுதி ஜாஸ்தி. பக்கத்து வீட்டுக் கழுதை தெரியல, அதோட கத்தல்தான் தெரியுதுன்னு சொல்லு."

கண்டே திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. மறுமுனையில் சிரிப்பு முன்பே கேட்டுவிடும்.

"இங்க காத்துல தண்ணி இருக்கு அத்தை. தோய்ச்ச சட்டை மூணு நாளானாலும் காயாது. உப்பு பூத்துடும். ராத்திரி படுத்தா யாரோ ஈரக் கோணிய மேல போர்த்துன மாதிரி இருக்கு."

"ஈரத்துல படுக்க வேண்டாம்னு சொல்லு" என்பார் பரீரா உரலிடம். "நெஞ்சுல சளி கட்டும்."

வானிலையைப் பேசுவதில் வெட்கம் ஏதும் இல்லை. காற்று எல்லாருக்கும் பொது, புழுதியும் அப்படியே. ஆகவே அவர்கள் இருவரும் காற்றையும் புழுதியையும் கொண்டே ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் பரீரா குத்திய கம்பு, தேவைக்கு மேலேயே மாவாகிவிடும். கண்டே சல்லடையைத் தட்டிக்கொண்டே, "உங்க மகன் வாரம் ரெண்டு தடவை கூப்பிட்டா நமக்குப் பல்லே வேண்டாம், அண்ணி" என்பார்.

காற்று நின்றது. கோடை வந்தது. நிழல் சுவரை ஒட்டிக்கொண்டு, பிறகு சுவருக்குள்ளேயே போய்விட்டதுபோல் காணாமற்போனது. கிணற்றுக் கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்தார்கள். அப்படியும் வாளி சேற்றோடுதான் ஏறி வந்தது. பால் வற்றிய பசு கன்றை உதைத்தது. குதிருக்குள் கதிர் எடுக்க இறங்குகிறவர்கள் இடுப்பளவு மறைந்தார்கள், தோளளவு மறைந்தார்கள், பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. மேற்கே மாலையில் மேகங்கள் குவிந்தன, ஊரார் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள், அவை கலைந்தன.

ஒருநாள் விடியலில் கூரையில் சடசடவென்று கேட்டது. பரீரா வெளியே ஓடி வந்து கைகளை நீட்டினார். பெரிய பெரிய துளிகள். மண்ணின் மணம் எழுந்து நெஞ்சை அடைப்பதற்குள் மழை நின்றுவிட்டது. முற்றம் முழுவதும் அம்மைத் தழும்புபோல் சின்னச் சின்னக் குழிகள். அவர் குனிந்து விரலால் கிளறினார். நகம் மறையும் ஆழத்துக்குக்கூட ஈரம் இல்லை. விதைப்பதற்குக் கையை மணிக்கட்டுவரை புதைத்தாலும் ஈரம் தட்ட வேண்டும். அதற்குக் குறைந்ததை இவ்வூரில் யாரும் மழை என்று சொல்வதில்லை.

அன்று சந்தை நாள் அல்ல. ஆனாலும் முற்பகலில் கைபேசி ஒலித்தது. முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களும் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே உரலில் மூன்று உலக்கைகள் மாறி மாறி விழுந்தன. கண்டே கைபேசியைக் கூடையின்மேல் வைத்தார்.

"என்னடா லவாலி, குரல் பூனை நக்கின கிண்ணம் மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. கொஞ்சம் காய்ச்சல்." இருமல் வந்தது. அது நீளமாக இருந்தது. "இங்க விடாம ஊத்துது. தப்பான ஊர்ல பெய்யுது அத்தை."

"மாத்திரை வாங்கிப் போட்டியா?"

"போட்டேன். அத்தை, அங்க மழை விழுந்துருச்சா?"

பரீராவின் உலக்கை மேலேயே நின்றுவிட்டது.

"விடிகாலைல ஏதோ சடசடன்னுச்சு" என்றார் கண்டே.

"அது மழைதானே? கேளுங்க அத்தை. அங்க கேளுங்க. மழைதானான்னு."

'அங்க' என்று அவன் யாரைச் சொல்கிறான் என்று முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். உலக்கைகள் ஓய்ந்தன. பெண்கள் பரீராவைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "தலைச்சனுக்கு வீட்டு நெனப்பு வந்துருச்சு போல. கொட்டைன்னு கோடை துப்பப் போகுது!" என்றாள். மற்றவள் களுக்கென்று சிரித்தாள்.

பரீராவுக்குக் காது சுட்டது. அவன் எதைக் கேட்கிறான் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவனுக்கு உடம்பு முடியவில்லை. அவனுக்கு வீட்டுக்கு வரவேண்டும்போல் இருக்கிறது. வருவதற்கு ஒரு மழை வேண்டும். 'பெய்தது' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் எல்லார் கண்முன்னும் முற்றம் காய்ந்து கிடந்தது. இல்லாத மழையைச் சொல்லித் தலைச்சனை அழைத்த தாய் என்று நாளைக்கு ஊர் பேசும்.

"மணல்ல குழி மட்டும் விழுந்துச்சுன்னு சொல்லு" என்றார் உரலிடம். "ஈரம் உள்ள இறங்கல."

கைபேசிக்குள் அந்த ஊரின் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பச் சரி அத்தை" என்றான் லவாலி. "மழையோடவே வர்றேன்."

பரீராவின் உலக்கை விழுந்தது. அது தாளம் தப்பி, பக்கத்து உலக்கையின்மேல் மோதிற்று.

அதன்பின் அவருக்கு உணவு இறங்கவில்லை. குடுவையில் கரைத்த கூழ் புளித்துப்போயிற்று. படுத்தால், அந்த நீண்ட இருமல் காதுக்குள் நடந்துகொண்டே இருந்தது. மறுநாள் கண்டேயிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தார். அவர் எதிரே வந்ததும், "உப்பு தீர்ந்துபோச்சு" என்றார். அதற்கடுத்த நாள், "கிணத்துல வாளி அறுந்துபோச்சு" என்றார். தலைச்சனை அழைத்துவிடு என்ற சொல் தொண்டைவரை வந்து, அங்கேயே திரும்பி நின்றுகொண்டது. இருபது வருடங்களுக்கு மேல் பூட்டிக் கிடந்த கதவு; தாழ்ப்பாளே துருப்பிடித்துவிட்டிருந்தது.

சந்தை நாள் வந்தது. கைபேசி ஒலிக்கவில்லை. மாலையில் பரீரா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த கண்டேயின் எதிரில் வந்து நின்றார்.

"கண்டே. மழை பெஞ்சிருச்சுன்னு சொல்லிடு."

கண்டே வானத்தைப் பார்த்தார். அது அடுப்பில் காய்ந்த மண்சட்டிபோல் வெறுமையாக இருந்தது. பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். தழையைக் கீழே போட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

எடுத்துப் பேசியவன் லவாலி அல்ல. அவனோடு தங்கியிருந்த, அதே ஊர்க்காரன் யஹூசா.

"அவன ஆஸ்பத்திரில படுக்க வெச்சிருக்கோம் அத்தை. நெஞ்சுல சளி கட்டிருச்சாம். காலைலேருந்து கண்ணே தொறக்கல."

"தொறந்தா சொல்லு" என்றார் கண்டே. "இங்க மழை பெஞ்சிருச்சு. பெரிய மழை. பொறப்பட்டு வரச் சொல்லு."

பரீரா கைபேசியருகே ஓரடி வந்தார். வாயைத் திறந்தார். பிறகு கண்டேயின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"அவங்க அம்மாவே சொன்னாங்கன்னு சொல்லு" என்றார் கண்டே.

மறுநாள் நண்பகல் தொழுகைக்குப் பிறகு செய்தி வந்தது. உடலைக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

கண்டே மண்ணில் விழுந்து கதறினார். கதற அவருக்கு உரிமை இருந்தது. தலைச்சனுக்காகப் பெற்றவள் அழுவதில்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து கண்டேயைச் சூழ்ந்து அமர்ந்தார்கள். கண்டேயின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "இறைவன் பொறுமையைத் தரட்டும்" என்றார்கள். பரீரா அவர்களுக்கெல்லாம் குடுவையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று கொட்டையென்று கேலி பேசியவள் தண்ணீரை வாங்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். வயதான ஒரு பெண், "நெஞ்சுரமுள்ளவ. வெட்கம்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெச்சினார். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டே பரீரா காலிக் குடுவையை எடுத்துக்கொண்டு மீண்டும் பானையிடம் போனார். பானைத் தண்ணீரில் முகம் தெரிந்தது. அதையும் அவர் நேராகப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கண்டே வந்து அவர் காலருகே உட்கார்ந்தார்.

"அண்ணி, அந்தப் பாட்ட நான்தானே கட்டினேன். அது இல்லேன்னா புள்ள அன்னைக்கே லாரி ஏறியிருக்கும்."

"நீ பாட்டுத்தான் பாடின" என்றார் பரீரா. "நான் மண்ண அளந்து சொன்னேன்."

தனிமு கூரையின் கீழ், கொத்தின் கைப்பிடியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அது லவாலியின் கொத்து. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

பின்னர் மழை வந்தது. கிழக்கே செம்புழுதி ஒரு மதிலாக எழுந்து நடந்து வந்தது, பகல் இருண்டது, கோழிகள் அடைந்தன. காற்று கூரைகளைப் பிய்த்து எறிந்தபின், தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. மாலைவரை பெய்தது. நின்றதும் பரீரா முற்றத்தின் நடுவே மண்டியிட்டுக் கையை மண்ணுக்குள் செலுத்தினார். மணிக்கட்டு மறைந்தது. அதற்கும் கீழே ஈரம். குளிர்ந்த, கனத்த, நல்ல ஈரம். அவர் கையை வெளியே எடுக்க நெடுநேரம் ஆயிற்று.

மழைச்செய்தி போய்ச் சேர்ந்ததும், தெற்கே போனவர்களை ஏற்றிக்கொண்டு லாரி திரும்பிற்று. லவாலியின் சேதி முன்பே வந்துவிட்டதால் யாரும் புளியமரத்தடியில் கூச்சலிடவில்லை. மறுநாள் விடியலிலேயே ஊர் வயலில் இருந்தது; ஈரம் யாருடைய துக்கத்துக்காகவும் காத்திருப்பதில்லை. தனிமு கொத்தால் குழி போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். முழங்கால் வலியால் அவருடைய அடிகள் குறுகியவை. குழிகள் நெருக்கமாக விழுந்தன. பரீரா பின்னால் சென்று ஒவ்வொரு குழியிலும் மூன்று விரலால் விதையிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

யஹூசா வரப்போரமாக வந்து நின்றான். கையில் ஒரு துணிப்பை. வணக்கம் சொன்னான். பரீரா விதைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க சொல்லச் சொன்னத நான் சொன்னேன்மா. அன்னைக்கு ராத்திரி கண்ணத் தொறந்தான். மழை பெஞ்சிருச்சாம், வரச் சொன்னாங்கன்னேன். யாரு சொன்னாங்கன்னு கேட்டான். உங்கம்மான்னேன்."

பரீராவின் விரல்கள் குழியின்மேல் நின்றன.

"அதுக்கு முந்தின நாள்தான் நம்ம ஊர்ப் பக்கத்துப் பசங்க வந்து பாத்தாங்க. ஊர்ல ஒரு பொட்டு மழை இல்லேன்னு அவங்க சொன்னது அவனுக்குத் தெரியும். அதனால சிரிச்சான்மா. 'மழை பெய்யலடா. எங்கம்மா என்னக் கூப்புடுறாங்க'ன்னான். ரெண்டு மூணு தடவை சொல்லிக்கிட்டான். அப்புறம் செருப்ப எடுத்து மாட்டிவிடுடான்னான். படுத்திருக்கறவனுக்கு எதுக்குடான்னேன். 'மாட்டி விடு, கெளம்பணும்'னான். மாட்டிவிட்டேன்." யஹூசா துணிப்பையை வரப்பில் வைத்தான். "விடியறப்போ பாத்தா, செருப்போடயே..."

பையின் வாய் விரிந்து, ரப்பர்ச் செருப்புகளின் நீண்ட நுனி வெளியே தெரிந்தது. அடியில் அந்தக் கடலோர ஊரின் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

பரீரா நிமிர்ந்தார். சுற்றிலும் எல்லா வயல்களிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் தெற்கே, லாரிப் பாதை போகும் பக்கம் திரும்பினார். சாப்பாட்டு வேளையில், தூரத்து வயலில் இருக்கும் பிள்ளையைத் தாய்மார் எப்படி அழைப்பார்களோ, அப்படியே, கையை வாயருகே குவித்துக்கொண்டு, தொண்டை கிழிய அழைத்தார்.

"லவாலீ...! டேய் லவாலி! வாடா!"

அந்தப் பெயர் அவருடைய வாயில் புதிதாக இருந்தது, பாதியில் உடைந்தது. மறுபடி அழைத்தார். பக்கத்து வயல்களில் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். தூரத்துத் தோட்டத்தில் சஹாபி தன் கொத்தை மண்ணில் ஊன்றி, தொப்பியைக் கழற்றினார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அவரைத் தடுக்கவும் இல்லை. இலை உதிர்க்கத் தொடங்கியிருந்த காவோ மரத்திலிருந்து குருவிகள் மட்டும் எழுந்து பறந்து, சுற்றிவந்து, மீண்டும் அதிலேயே அமர்ந்தன.

தனிமு திரும்பிப் பார்க்கவில்லை. கொத்தைப் பிடித்தபடி முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். அவருடைய தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. பிறகு கொத்தை ஓங்கி ஒரு குழி போட்டார். வலிக்கும் காலை இழுத்து, தம்மால் இயன்றதற்கும் மேலாக எட்டி வைத்து, அடுத்த குழியைப் போட்டார். மறுபடியும் எட்டி வைத்தார். ஒரு முறை தடுமாறி, கொத்தை ஊன்றிச் சமாளித்துக்கொண்டார். குழிகள் அகல அகலமாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு குடும்பமே குடியிருக்கும் தூரத்தில் விழுந்துகொண்டே போயின.

பரீரா அந்த நீண்ட அடிகளின் பின்னால், விதையோடு நடந்தார்.